30 மில்லிகிராம்: குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு எதன் மேல் நிற்கிறது?

"டி.டி. கேஸ்" (டிரங்கன் டிரைவிங்) என்று ஸ்டேஷனிலும் கோர்ட் வாசலிலும் சுருக்கமாகச் சொல்லப்படும், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கைப் பற்றி எல்லோரிடமும் ஒரு யோசனை இருக்கிறது. ஊதாமல் இருந்துவிட்டால் போலீஸால் ஒன்றும் செய்ய முடியாது என்பார் ஒருவர். ஒரு பீர் கணக்கிலேயே வராது என்பார் இன்னொருவர். பத்தாயிரம் கட்டினால் அத்தோடு முடிந்தது, பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை என்றெல்லாம் பேச்சு வரும். இந்த நான்கும் தவறு. இவற்றை நம்பி லைசென்ஸையும் வேலையையும் இழந்தவர்கள் உண்டு. இவற்றை நம்பி வண்டியை எடுத்ததால் உயிரே போனதும் உண்டு. அதனால் இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

போதை வேறு, அளவு வேறு

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 185-ஆவது பிரிவுதான் இங்கே மையம். பொது இடத்தில் மோட்டார் வாகனத்தை ஓட்டும்போதோ ஓட்ட முயலும்போதோ, ஒருவருடைய 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். அவர் தள்ளாடினாரா, வாய் குழறியதா, வண்டியை ஒழுங்காக ஓட்டினாரா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. அது கேட்பது ஓர் எண்ணை மட்டும்.

வேக வரம்போடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். 60-இல் போக வேண்டிய சாலையில் 90-இல் போனவர், "வண்டி முழுக்க என் கட்டுப்பாட்டில்தான் இருந்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. அதேபோல, "நான் நிதானமாகத்தான் இருந்தேன்" என்பது 185-க்குப் பதில் ஆகாது. எதிர்ப்பக்கமும் உண்டு. தடுமாறி நடந்தவரின் அளவு 25 என்று வந்தால், இந்தப் பிரிவின்படி அவர் குற்றவாளி அல்ல. அபாயகரமாக ஓட்டியிருந்தால் வேறு பிரிவில் வழக்கு வரலாம், அது தனிக் கதை. கஞ்சா போன்ற போதைப்பொருளுக்கு மட்டும் சட்டம் எண் வைக்கவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்று பார்க்கிறது.

இந்த எண் உடலில் போன மதுவின் மொத்த அளவு அல்ல, அதன் அடர்த்தி. ஒரு கரண்டி உப்பைச் சொம்புத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே கரண்டியைக் குடத்தில் போட்டால் உப்பே தெரியாது. உடல் எடையும் உடம்பில் உள்ள நீரும்தான் இங்கே சொம்பா குடமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரே அளவு குடித்த இரண்டு பேருக்கு இரண்டு எண் வருவது இதனால்தான். 30 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன அளவு.

ஒரு குவார்ட்டர் எவ்வளவு ஏற்றும்?

நம் ஊர் பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180 மி.லி. குவார்ட்டரில் அப்படியானால் 77 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஆல்கஹால் தண்ணீரை விட லேசு. எடையாக மாற்றினால் சுமார் 61 கிராம். இதை உடல் எடையாலும், உடலில் ஆல்கஹால் பரவும் பங்காலும் வகுக்க வேண்டும். அந்தப் பங்கு ஆண்களுக்குச் சராசரியாக 0.68, பெண்களுக்கு 0.55.

70 கிலோ எடையுள்ள ஆணுக்கு: 61-ஐ 47.6-ஆல் (70 × 0.68) வகுத்தால் லிட்டருக்கு 1.28 கிராம். அதாவது 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 128 மில்லிகிராம், சட்ட வரம்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல். பாதியான 'கட்டிங்' 64-க்குக் கொண்டுபோகும். 60 மி.லி. பெக் ஒன்றே 43. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில், 650 மி.லி., சுமார் 86. "ஒரே ஒரு பீர்தானே" என்பவர் வரம்பைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தாண்டியிருக்கிறார். 30 மி.லி. மட்டும் குடித்தால் இந்த ஆணுக்கு 21 வரும். அதே 30 மி.லி., 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 37 ஆகிவிடும்.

இறங்குவது எப்படி? மொட்டை மாடித் தொட்டியில் ஒரு சின்னக் குழாய் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பியிருந்தாலும் பாதியாக இருந்தாலும் குழாய் ஒரே வேகத்தில்தான் ஒழுகும். அந்தக் குழாய்தான் கல்லீரல். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும்; ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை மாறும். எலுமிச்சைச் சாறு, மோர், கடுங்காப்பி, தலையில் ஒரு வாளித் தண்ணீர் எதுவும் இந்தக் குழாயை அகலமாக்காது. தூக்கமும் ஆக்காது.

இதன் விளைவைப் பலர் யோசிப்பதே இல்லை. மேலே சொன்ன 70 கிலோ ஆள் இரவு 9 மணிக்குத் தொடங்கி இரண்டு குவார்ட்டர் குடித்தார் என்று வைப்போம். கணக்கு 256. அது 30-க்கு இறங்க 226 குறைய வேண்டும். 15-ஆல் வகுத்தால் 15 மணி நேரம். மறுநாள் நண்பகல் வரை அவர் வரம்புக்கு மேலேதான் இருப்பார். எட்டு மணி நேரம் தூங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் காலையில் மாட்டுவது இப்படித்தான். இன்னொன்று: இது சராசரிக் கணக்கு. "இன்னும் ஒரு பெக் போடலாம்" என்று திட்டமிட இதைப் பயன்படுத்தக் கூடாது.

இதுவரை பார்த்தது: சட்டம் கேட்பது அடர்த்தியை; அது மிகச் சிறிய அளவிலேயே வரம்பைத் தாண்டும்; நேரம் ஒன்றுதான் அதைக் குறைக்கும்.

ஊதும்போது என்ன நடக்கிறது?

கொதிக்கும் ரசத்தின் ஆவியை மோந்தே அதில் பூண்டு போட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுகிறோம். ரசத்தில் உள்ளதில் ஒரு பங்கு ஆவியிலும் வருகிறது. நுரையீரலின் நுண்ணறைகளிலும் அப்படித்தான்: ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலில் ஒரு சிறு பங்கு மூச்சுக்காற்றுக்கு மாறும். சராசரியாக 2,100 மி.லி. மூச்சில் உள்ள ஆல்கஹால், 1 மி.லி. ரத்தத்தில் உள்ளதற்குச் சமம். ப்ரீத் அனலைசர் இந்த விகிதத்தை வைத்துத்தான் ரத்த அளவைக் கணிக்கிறது. கருவிக்குள் பிளாட்டினம் பூசிய ஒரு சிறு மின்கலம் உண்டு. ஆல்கஹால் அதில் பட்டதும் அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரில் இருக்கும் அமிலமாக, மாறும். அப்போது சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. ஆல்கஹால் கூடினால் மின்னோட்டம் கூடும், திரையில் எண்ணும் கூடும்.

ஏலக்காய், சூயிங்கம், வெற்றிலை, பெப்பர்மின்ட் எல்லாம் ஏமாற்றுவது போலீஸ்காரரின் மூக்கை. கருவி வாசனையை அளப்பதில்லை.

கருவியும் தவறலாம். எங்கெல்லாம் தவறும் என்று தெரிந்திருப்பது முக்கியம். குடித்த உடனே ஊதினால், ஏப்பம் வந்த கையோடு ஊதினால், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கொப்பளித்த சூட்டோடு ஊதினால், நுரையீரலில் இருந்து வருவதோடு வாயில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து எண்ணை உயர்த்தும். 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் ஊதச் சொல்வதுதான் சரியான நடைமுறை. அந்த இடைவெளியில் வாய் ஆல்கஹால் மறைந்துவிடும், ரத்தத்தில் உள்ளது அப்படியே தெரியும்.

காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொண்டால், கருவியில் பார்க்க வேண்டிய மற்ற இரண்டு விஷயங்களும் விளங்கும். எடை போடுமுன் தட்டு காலியாக இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்போம். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்றும் பார்ப்போம். ப்ரீத் அனலைசரிலும் ஆள் ஊதுமுன் வெற்றுக் காற்றில் எண் பூஜ்யம் காட்ட வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில், தெரிந்த அளவு ஆல்கஹால் உள்ள வாயுவை வைத்துக் கருவியைச் சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும். இந்தச் சரிபார்ப்புக்கு அளவுத்திருத்தம் என்று பெயர். பூஜ்யம் காட்டாத கருவியில் எடுத்த முடிவை நம்ப முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் அண்மையில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஊதுகுழலும் ஒவ்வொருவருக்கும் புதிதாக இருக்க வேண்டும்.

கருவியில் இருந்து வரும் அச்சுச் சீட்டைத்தான் நான் இந்த வழக்கின் முதுகெலும்பு என்பேன். தேதி, நேரம், கருவி எண், வெற்றுக் காற்றின் அளவு, வந்த அளவு எல்லாம் அதில் பதிவாகும். கையெழுத்துப் போடச் சொன்னால் முழுவதும் படித்துவிட்டுப் போடுங்கள். ஒரு நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கைபேசியில் படமாவது எடுக்க அனுமதி கேளுங்கள்.

நிறுத்தியதிலிருந்து சட்டம் வகுத்த படிகள்

203-ஆவது பிரிவின்படி, சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரியோ மோட்டார் வாகனத் துறை அதிகாரியோ, ஒருவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ஊதச் சொல்லலாம். அங்கேயோ அருகிலோ, கூடிய விரைவில் அது நடக்க வேண்டும். கருவி ஆல்கஹால் இருப்பதாகக் காட்டினால் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஊத மறுத்தாலும், குடித்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், கைது செய்யலாம்.

ஊத மறுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கணக்கு நோட்டைக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டேன் என்கிற கடைக்காரரை நாம் என்ன நினைப்போம்? 205-ஆவது பிரிவு ஏறக்குறைய அதையே சட்டமாக எழுதியிருக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் மூச்சுச் சோதனைக்கோ ரத்தச் சோதனைக்கோ மறுத்தால், அந்த மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். மறுப்பு மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது என்பதையும் கவனியுங்கள். அது மற்றச் சாட்சியத்துக்கு முட்டுக்கொடுக்கும், தனியாக நிற்காது. ஆஸ்துமா போன்ற நோயால் ஊத முடியவில்லை என்றால் அதை அங்கேயே சொல்லி, ரத்தம் எடுக்கச் சம்மதம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து, அதிகம் பேர் அறியாத ஒரு பாதுகாப்பு. 202-ஆவது பிரிவின்படி 185-க்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள், 203, 204 பிரிவுகள் சொல்லும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலில் இருந்து விடுவிக்க வேண்டும். மேலும் இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். ஜாமீன் கேட்பது இங்கே உரிமை, யாரும் காட்டும் சலுகை அல்ல. கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுப்பதும் போலீஸின் கடமை.

ரத்தம் எடுப்பது பற்றி 204 பேசுகிறது. பதிவு பெற்ற மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பெண்ணிடம் ஆண் மருத்துவர் எடுத்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். ஊசி போடுமுன் வழக்கமாகத் தடவும் ஸ்பிரிட்டை இங்கே தடவக் கூடாது, ஏனென்றால் ஸ்பிரிட்டே ஆல்கஹால். குப்பியில் சோடியம் புளோரைடு போன்ற பதப்பொருள் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமிகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் புளிக்க வைத்துப் புதிதாக ஆல்கஹாலை உண்டாக்கலாம், மாவு புளிப்பது போலத்தான். பிறகு குப்பிக்கு அரக்கு முத்திரை. யார் கையில் இருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில் போனது என்று தடய அறிவியல் கூடம் வரை பதிவு இருக்க வேண்டும்.

சுருக்கமாக: சந்தேகம், மூச்சு, கைது, இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர், தேவைப்பட்டால் ரத்தம். இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பத்தாயிரம் கட்டினால் முடிந்ததா?

முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.15,000, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் முதல் முறைக்கு அதிகபட்சம் ரூ.2,000 என்றுதான் இருந்தது.

ஹெல்மெட் போடாததற்கு இடத்திலேயே பணம் கட்டித் தீர்க்கலாம். அதற்குச் சமரசத் தொகை என்று பெயர். 200-ஆவது பிரிவு எந்தெந்தக் குற்றங்களை இப்படித் தீர்க்கலாம் என்று பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் 185 இல்லை. ஆகவே டி.டி. கேஸில் நீங்கள் செலுத்தும் பத்தாயிரம், நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனை. பதிவேட்டில் அது தண்டனை என்றே நிற்கும். அடுத்த முறை மாட்டினால் "மறுமுறை" கணக்கு இதிலிருந்துதான் தொடங்கும். வேலைக்கான விண்ணப்பத்தில் முந்தைய தண்டனை உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் எழுத வேண்டும். ஒப்புக்கொள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் உறுதியாக இருந்தால் அதுவே நேர்மையான வழி. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

லைசென்ஸ் தனி. 206-ஆவது பிரிவின்படி போலீஸ் அதைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-இல், குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. ஆட்டோ, லாரி, கேப் ஓட்டிப் பிழைப்பவருக்கு அபராதத்தை விட இதுவே பெரிய அடி.

கூட வந்தவரும் தப்பவில்லை. 188-ஆவது பிரிவு, இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனையை வைத்திருக்கிறது. 2022 அக்டோபரில் இருந்து சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் மீதும் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது, அவர் குடிக்காதவராக இருந்தாலும். உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும் அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். வெறுமனே உட்கார்ந்து வந்தது போதுமா என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் அந்த வாதத்தைக் கோர்ட்டில் போய்த்தான் வைக்க முடியும்.

எதிர்வாதம் என்றால் என்ன?

குற்றவாளியைத் தப்ப வைக்கும் தந்திரம் என்று எதிர்வாதத்தை நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. எண்ணை வைத்துத் தண்டிக்கும் சட்டத்தில், அந்த எண் நம்பத்தக்க வழியில் வந்ததா என்று கேட்பதுதான் எதிர்வாதத்தின் வேலை. தராசு சரியா என்று கேட்கிறவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லை.

அனுபவமுள்ள வழக்கறிஞர் முதலில் பார்ப்பது காகிதங்களை. ஓட்டினார் அல்லது ஓட்ட முயன்றார் என்பதற்கு யார் சாட்சி? பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் ஓட்டவில்லை. சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பியவர் முயன்றிருக்கிறார். இடம் பொதுமக்கள் வந்துபோகும் இடமா? அச்சுச் சீட்டின் நேரமும், வழக்கில் எழுதிய நேரமும், மருத்துவமனைப் பதிவின் நேரமும் பொருந்துகின்றனவா? கருவியின் எண் அளவுத்திருத்தச் சான்றில் உள்ள எண்தானா? வந்த அளவு 180 என்றால் இந்தக் கேள்விகளில் சில சில்லறையாகிவிடும். 34 என்றால் ஒவ்வொன்றும் கனக்கும்.

சோதனையே நடக்காமல், "வாயில் மது வாடை, நடையில் தள்ளாட்டம்" என்று மட்டும் மருத்துவர் எழுதிய வழக்குகளும் உண்டு. மருத்துவச் சான்றில் "மது அருந்தியுள்ளார், ஆனால் போதையில் இல்லை" என்று ஒரு வகையே இருக்கிறது. 1971-இல் பச்சுபாய் கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி இவற்றை மட்டும் வைத்து உறுதியான முடிவுக்கு வர முடியாது என்றது. 30 என்ற எண்ணை நம்பி நிற்கும் 185-க்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

எடுபடாத வாதங்களும் தெரிந்திருக்கட்டும். "கொஞ்சம்தான் குடித்தேன்", "வீடு பக்கம்தான்", "மருந்துக்காகக் குடித்தேன்", "விபத்து எதுவும் நடக்கவில்லையே" ஆகியவற்றுக்கு 185-இல் இடமே இல்லை. இதை எல்லாம் சொல்வதால் நடப்பது ஒன்றுதான்: குடித்ததை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

விபத்து நடந்துவிட்டால்

இங்கே கதையே மாறுகிறது. அஜாக்கிரதையால் மரணம் என்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டினார் என்று நீதிமன்றம் கண்டால், 105-ஆவது பிரிவு வரும். அதில் பத்து ஆண்டு வரை. கவனக்குறைவு வேறு, விளைவு தெரிந்தே செய்வது வேறு. தெருவில் பார்க்காமல் கல்லைத் தட்டிவிடுவதும், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கல்லை வீசுவதும் ஒன்றல்ல.

2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டியவரின் ரத்தத்தில் 0.112 சதவீதம், அதாவது 100 மி.லி.க்கு 112 மில்லிகிராம். நாம் மேலே போட்ட கணக்கில் ஒரு குவார்ட்டருக்கும் குறைவு. அலிஸ்டர் பெரேரா வழக்கு என்று அறியப்படும் இதில், அவருக்கு விளைவு தெரிந்திருந்தது என்ற முடிவை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இன்சூரன்ஸிலும் 30 என்ற எண் காப்பாற்றாது. சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்டால், ஓட்டியவர் மதுவின் தாக்கத்தில் இருந்தார் என்று மற்றச் சூழ்நிலைகளைக் காட்டியே நிறுவனம் மறுக்கலாம், எண் காட்டியே தீர வேண்டும் என்பதில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற உத்தரவுகளும் வருகின்றன. அப்போது ரூ.10,000 என்பது பல லட்சமாகி வீட்டு வாசலுக்கு வரும்.

வழக்கு வந்துவிட்டால், சலான், அச்சுச் சீட்டு, மருத்துவச் சான்று, லைசென்ஸைக் கைப்பற்றியதற்கான ரசீது ஆகியவற்றின் நகல்களோடு, முதல் வாய்தாவுக்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய பிறகு பார்த்தால் அவரால் செய்ய முடிவது மிகக் குறைவு. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களும், காவலில் இருப்பவர்களும், பெண்களும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.